படம் பார்க்க, வெட்ட, சுருக்க இலவச மென்பொருள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒரு திருட்டு போட்டோஷாப் உட்கார்ந்திருக்கும். தெரிந்தவர் யாரோ ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றிக்கொடுத்தது. அதில் நடக்கும் வேலையைப் பார்த்தால், தேர்வு விண்ணப்பத்துக்குப் படத்தைச் சுருக்குவதும் கல்யாணப் படத்தின் ஓரத்தை வெட்டுவதும்தான். இதற்கு இலவசமான, நேர்மையான, சின்ன மென்பொருள்களே போதும். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு தருகிறேன்.

நிறைய பெயர் சொல்லிக் குழப்பாமல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எதைப் போடட்டும்?

விண்டோஸ் என்றால் இர்ஃபான்வியூ. போஸ்னியாவைச் சேர்ந்த இர்ஃபான் ஷ்கில்யான் வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதி, 1996இல் வெளியிட்டது. இன்றுவரை புதுப்பித்து வருகிறார். சில எம்பி மட்டுமே உள்ள நிரல் என்பதால் பள்ளியில் கொடுத்த பழைய அரசு மடிக்கணினியில்கூடப் படத்தின் மீது கிளிக் செய்தவுடன் திறக்கும். பார்ப்பது, திருப்புவது, வெட்டுவது, அளவு மாற்றுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் அதிலேயே உண்டு.

லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் எக்ஸ்என்வியூ எம்பி (XnView MP) போடுங்கள். அது விண்டோஸிலும் ஓடும். ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் இன்னும் வசதி. ஃபாஸ்ட்ஸ்டோன் என்றொன்றும் இருக்கிறது. முழுத்திரையில் படம் பார்க்கும்போது மவுஸைத் திரையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் மெனு வெளியே வரும். மெனுக்களைத் தேடி அலுத்துப்போகும் பெரியவர்களுக்கு அது பிடிக்கும்.

உண்மையிலேயே இலவசமா, கொஞ்ச நாள் கழித்துக் காசு கேட்குமா?

வீட்டு உபயோகத்துக்குக் கேட்காது. ஆனால் இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இர்ஃபான்வியூ, எக்ஸ்என்வியூ எம்பி, ஃபாஸ்ட்ஸ்டோன் மூன்றுமே தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான் இலவசம். ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று தொழிலுக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும். தொகை பெரிதல்ல, இத்தனை வருடமாக உழைக்கும் ஒருவருக்குப் போகும் காசு அது. வாங்க மனமில்லை என்றால் கடைக்காரர்கள் கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளைப் போடலாம். அது திறந்த மூல மென்பொருள் என்பதால் தொழிலுக்கும் தடையில்லை. விண்டோஸில் மட்டும் ஓடும் பெயின்ட் டாட் நெட்டையும் கடையில் பயன்படுத்தலாம்.

எங்கிருந்து இறக்குவது?

அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளைத் தொடாதீர்கள். பெரிய பச்சைப் பொத்தானோடு 'டவுன்லோடு' என்று மின்னும் இடைத்தரகர் பக்கங்கள் வேண்டாத நிரல்களையும் சேர்த்தே இறக்கிவிடும். இர்ஃபான்வியூவுக்குக் கூடுதல் வசதிகள் தரும் துணைநிரல் தொகுப்பு தனியாக இருக்கும். அதையும் அதே தளத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள்.

தேர்வு விண்ணப்பத்தில் படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. என்ன செய்தாலும் ஏற்க மாட்டேன் என்கிறதே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கடைசி நாளில், சர்வர் திணறும் நேரத்தில் வருவதால் பதற்றமும் கூடவே வரும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிக்சல் அளவு (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) வேறு, கோப்பின் எடை (கேபி, எம்பி) வேறு. ஃபோனில் எடுத்த படம் சுமார் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும், எடை 3, 4 எம்பி. அதை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்து 50 கேபிக்குக் கொண்டுவர முயன்றால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். ஜேபெக் (JPG) முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. மிஞ்சிப் பிழிந்தால் அந்தக் கட்டங்களே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே முதலில் பிக்சலைக் குறைக்க வேண்டும், அதன் பிறகுதான் தரம்.

ஐபிபிஎஸ் வங்கித் தேர்வை எடுத்துக்கொள்வோம். படத்துக்கு 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்துக்கு 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இர்ஃபான்வியூவில் படத்தைத் திறந்து ஷிஃப்ட்டோடு சி அழுத்துங்கள். வெட்டும் கட்டத்தின் விகிதத்தை 20க்கு 23 என்று கொடுங்கள். மவுஸின் வலது பொத்தானை அழுத்திப் பிடித்துக் கட்டத்தை முகத்துக்கு மேல் நகர்த்துங்கள். கன்ட்ரோலோடு ஒய் அழுத்தினால் வெட்டிவிடும். பிறகு கன்ட்ரோலோடு ஆர், அகலம் 200, உயரம் 230. கடைசியாக எஸ் அழுத்தி, ஜேபெக் தேர்ந்தெடுத்து, புதுப் பெயரில் சேமியுங்கள். அப்போது தரத்துக்கு ஒரு நகர்த்தி தெரியும்.

ஏற்காமல் போவதற்குப் பல நேரம் காரணம் படம் பெரிதாக இருப்பது அல்ல, குறைந்தபட்ச எடைக்குக் கீழே போய்விடுவதுதான். கையெழுத்தில் இது இன்னும் அதிகம் நடக்கும். தரத்தை 100க்கு ஏற்றிச் சேமித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, தாளின் வெற்றிடத்தை வெட்டி எறிந்துவிட்டால் கையெழுத்தும் தெளிவாக இருக்கும், எடையும் கொஞ்சம் கூடும்.

ஒவ்வொரு தேர்வுக்கும் அளவு மாறும். பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் போட்ட அளவை நம்பாமல் அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.

ஃபோனில் நேராக இருக்கும் படம் அப்லோடு செய்தால் மட்டும் படுத்துக்கொள்கிறதே?

ஃபோன் படத்தை உண்மையில் திருப்புவதில்லை. 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. சில தளங்கள் அந்தக் குறிப்பைப் படிக்காது. இர்ஃபான்வியூவில் திறந்து, படுத்திருந்தால் எல் அல்லது ஆர் அழுத்தி நேராக்கி, புதிய பெயரில் சேமித்தால் சரியாகிவிடும்.

பாஸ்போர்ட் சைஸ் படத்தை நானே தயாரித்துக் கடையில் பிரின்ட் போட முடியுமா?

முடியும். 35க்கு 45 மில்லிமீட்டர் என்பது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 413க்கு 531 பிக்சல். முன்பு சொன்னபடியே 7க்கு 9 விகிதத்தில் வெட்டி அந்த அளவுக்கு மாற்றுங்கள். ஒரு 4க்கு 6 அங்குலத் தாளில், அதாவது 1800க்கு 1200 பிக்சலில், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் எட்டுப் படம் அடங்கும். வெளிச்சம் பரவலாக விழும் வராந்தாவில், வெள்ளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று எடுத்தால் பின்னால் நிழல் விழாது.

அரசு ஆவணத்துக்கான படத்தில் முகத்தை வெளுப்பாக்குவதும் தழும்பை அழிப்பதும் வேண்டாம். வெளிச்சத்தைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன்னியாகுமரியில் சூரிய உதயத்தோடு எடுத்தோம். வானம் அழகாக இருக்கிறது, எங்கள் முகம் எல்லாம் கரி. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போது கேமரா வானத்துக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது, முகம் இருட்டாகிறது. பலர் இங்கே பிரைட்னஸைக் கூட்டுவார்கள். அது வானத்தையும் சேர்த்து வெளுத்துவிடும். காலை ஆறு மணியின் நிறமே போய்விடும். கூட்ட வேண்டியது காமா. அது இருண்ட பகுதியைத் தூக்கும், மிக வெளிச்சமான பகுதியை அவ்வளவாகத் தொடாது. இர்ஃபான்வியூவில் ஷிஃப்ட்டோடு ஜி அழுத்தினால் வரும் பெட்டியில் காமாவை 1.3, 1.5 என்று மெல்ல ஏற்றுங்கள். முகத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியத் தொடங்கினால் கொஞ்சம் இறக்குங்கள். ஃபோனில் என்றால் ஸ்னாப்சீட் செயலியில் 'ஷேடோஸ்' கூட்டினால் இதே பலன்.

வானம் முழுவதும் வெள்ளையாக எரிந்துபோன படத்தில் எந்த மென்பொருளாலும் அந்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஏனெனில் கோப்பில் அது பதிவே ஆகவில்லை. அடுத்த முறை எடுக்கும்போது திரையில் வானத்தைத் தொட்டுவிட்டு எடுங்கள், முகத்துக்குப் பகலிலும் ஃபிளாஷ் போடுங்கள்.

கடற்கரைப் படங்கள் மங்கலாக, பால் படர்ந்தது போல வருவதற்கு வேறு காரணம் உண்டு. முட்டத்திலோ சொத்தவிளையிலோ கொஞ்ச நேரம் நின்றாலே உப்புக்காற்று லென்ஸில் படிந்துவிடும். படம் எடுக்கும் முன் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏற்கெனவே எடுத்ததற்குக் கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.

கடல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுவது போல இருக்கிறது. திருவள்ளுவர் சிலையும் பின்னால் சாய்கிறது.

இரண்டும் வெவ்வேறு கோளாறு. கடலின் கோடு சாய்ந்திருந்தால் கன்ட்ரோலோடு யு அழுத்தி, ஒரு டிகிரி, அரை டிகிரி என்று திருப்பிச் சரிசெய்யலாம். மூலைகளில் காலி முக்கோணங்கள் வரும், அவற்றை வெட்டிவிடுங்கள். மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊரில் இந்த ஒரு திருத்தத்தைப் பழகினாலே உங்கள் படங்கள் பார்க்கத் தகுந்தவை ஆகிவிடும்.

சிலை சாய்வது நீங்கள் கீழே நின்று ஃபோனை மேலே தூக்கி எடுத்ததால். 133 அடிச் சிலையின் காலடியில் நின்றாலும் சரி, 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலத்தின் தூண்களுக்குக் கீழே நின்றாலும் சரி, மேலே போகப் போக எல்லாம் குறுகித்தான் தெரியும். கிம்ப்பிலும் ஸ்னாப்சீட்டிலும் 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற கருவி இதற்கு இருக்கிறது. அளவோடு செய்யுங்கள், முழுக்க நேராக்கினால் தலை வீங்கிப் பார்க்க வினோதமாக இருக்கும். தொட்டிப்பாலத்துக்கு அந்தக் குறுகலே அழகு என்பதால் அதை நான் திருத்துவதே இல்லை.

பாட்டாவின் (தாத்தாவின்) ஒரே ஒரு படம்தான் வீட்டில் இருக்கிறது. ஓரம் எல்லாம் பூஞ்சை. எப்படிக் காப்பாற்றுவது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. பீரோவுக்குள் இருக்கும் ஆல்பம் வருடத்தில் பாதி நாள் ஈரக்காற்றிலேயே இருக்கிறது. பூஞ்சையும் பூச்சியும் தின்பதற்கு முன்னால், 2021 நவம்பர் மழை போல வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கு முன்னால், பழைய படங்களைக் கோப்பாக்கிவிட வேண்டும். திருத்துவதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பூஞ்சையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். படத்தின் மேற்படலமே அதோடு வந்துவிடும். காய்ந்த, மென்மையான பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். ஃபிரேமின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயலவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் 4க்கு 6 படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200 டிபிஐ. ஜேபெக்காக இல்லாமல் டிஃப் அல்லது பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும், இந்த இரண்டும் இழக்காது. ஸ்கேனர் இல்லையா, ஜன்னலோரம் மேசையில் படத்தை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஃபோனைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். பளபளப்பு விழுந்தால் மேசையை நகர்த்துங்கள்.

அப்புறம் திருத்தம். கறுப்பு வெள்ளைப் படம் பழுத்து மஞ்சளாகியிருந்தால், இர்ஃபான்வியூவில் கிரேஸ்கேலுக்கு மாற்றினாலே மஞ்சள் போய்விடும். 1970, 80களின் வண்ணப் படங்கள் செம்பு நிறத்துக்கு மாறியிருக்கும், அந்தக் காலத் தாள்களில் மற்ற சாயங்களை முந்திக்கொண்டு சயான் (நீலப்பச்சை) சாயம் மங்கியதால். ஷிஃப்ட்டோடு யு அழுத்தினால் வரும் தானியங்கித் திருத்தம் பல படங்களில் நிறத்தை ஓரளவு மீட்கும். கீறல், மடிப்பு, பூஞ்சைப் புள்ளிகளுக்கு கிம்ப்பின் 'ஹீல்' கருவி. கன்ட்ரோலைப் பிடித்தபடி நல்ல இடத்தில் ஒரு கிளிக், பிறகு கீறலின் மேல் மெல்லத் தடவுவது.

முகத்தின் மீது கோடு போயிருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. கண்ணையும் வாயையும் நாம் வரைந்தால், அல்லது ஏதோ ஒரு செயலி ஊகித்து நிரப்பினால், வருவது பாட்டாவின் முகமல்ல. பின்னணியையும் வேட்டியையும் எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்த கோப்புக்குப் பெயர் வைக்கும்போது யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதுங்கள். கேட்டுச் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு வாட்ஸ்அப் முகப்புப் படம்தான் கிடைத்தது. பெரிதாக்க முடியுமா?

நல்லபடியாக முடியாது. 2க்கு 3 அடி ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐ என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1728க்கு 2592 பிக்சல் வேண்டும். முகப்புப் படத்தில் அதில் பாதி அகலம்கூடக் கிடைக்காது. துக்க வீட்டில் அவசரம் இருக்கும், ஆனாலும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு உறவினர்களிடம் கல்யாண ஆல்பமோ குடும்பப் படமோ இருக்கிறதா என்று கேளுங்கள். அச்சிட்ட படத்தை ஸ்கேன் செய்தால் அதைவிட எத்தனையோ மடங்கு தெளிவாக வரும். வேறு வழியே இல்லை என்றால் முகத்தைச் சிறிய வட்டத்துக்குள் வைத்து, எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் போய்விடுகிறதே?

படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். கோப்பு தொடப்படாமல் அப்படியே போய்ச் சேரும். ஸ்டூடியோவுக்கும் அச்சகத்துக்கும் அனுப்பும்போது எப்போதும் இப்படித்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். இர்ஃபான்வியூவில் ஐ அழுத்தி எக்ஸிஃப் (EXIF, படத்தோடு கேமரா எழுதி வைக்கும் விவரங்கள்) பகுதியைப் பார்த்தால் தெரியும். வீட்டில் எடுத்த குழந்தைகள் படத்தை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தால், ஜேபெக்காகச் சேமிக்கும்போது எக்ஸிஃப் தகவலை வைத்திருக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள்.

கடையில் 4க்கு 6 போட்டோம். குரூப் படத்தில் பின்வரிசைக்காரர்கள் தலை பாதி வெட்டுப்பட்டு வந்தது.

கடைக்காரர் மேல் தப்பில்லை. ஃபோன் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம், தாள் 3க்கு 2. தாளை நிரப்ப வேண்டும் என்றால் மேலேயோ கீழேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். கொடுப்பதற்கு முன்பே நீங்களே 3க்கு 2 விகிதத்தில் வெட்டிக் கொடுங்கள். மேலே வெட்ட முடியாத அளவு நெருக்கமான படம் என்றால், ஓரத்தில் வெள்ளை இடம் விட்டு முழுப் படமும் வரும்படி போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஐஃபோனில் அனுப்பும் படம் கம்ப்யூட்டரில் திறப்பதில்லை.

அது ஹெய்க் (HEIC) என்ற கோப்பு வடிவம். 2017 முதல் ஐஃபோன்கள் அப்படித்தான் சேமிக்கின்றன. எக்ஸ்என்வியூ எம்பியில் திறந்து ஜேபெக்காக மாற்றிக்கொள்ளலாம். அல்லது மகனிடம் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், இனிமேல் எடுப்பவை ஜேபெக்காகவே வரும்.

மார்த்தாண்டம் தேன், மட்டிப் பழ சிப்ஸ் விற்கிறோம். நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மாதிரி சுருக்க வேண்டும்.

இர்ஃபான்வியூவில் பி அழுத்துங்கள். கோப்புகளைச் சேர்த்து, நீளப் பக்கம் 1600 பிக்சல், தரம் 85 என்று கொடுத்து, வெளியீட்டுக்கு ஒரு புதிய கோப்புறையைக் காட்டுங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருக்கும். புதிய கோப்புறை என்பது முக்கியம், இல்லையென்றால் மூலப் படங்களின் மேலேயே எழுதிவிடக்கூடும். தொழிலுக்கான வேலை என்பதால், மேலே சொன்ன உரிமத்தை மறக்காதீர்கள்.

படத்தின் மேல் தமிழில் எழுதினால் எழுத்து உடைந்து வருகிறது.

யூனிகோட் எழுத்துருவும் அதைச் சரியாகக் கோக்கத் தெரிந்த மென்பொருளும் இருந்தால் உடையாது. கிம்ப் தமிழைச் சரியாகக் கோக்கும். மீரா இனிமை, முக்தா மலர், பாலு தம்பி போன்ற இலவச எழுத்துருக்களை ஏற்றிக்கொள்ளுங்கள். கொடை விழா, சர்ச் திருவிழா நோட்டீஸுக்கு இவை தாராளம். கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்றலாம். அனுப்புவதற்கு 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் எடுங்கள்.

கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன்தான். என்ன வழி?

கூகுளின் ஸ்னாப்சீட். இலவசம், விளம்பரமும் இல்லை. வெட்டுவது, நேராக்குவது, நிழலைத் தூக்குவது, சின்னப் புள்ளிகளை அழிப்பது எல்லாம் விரலாலேயே முடியும். சேமிக்கும்போது நகலாகச் சேமிக்கும் தேர்வை எடுத்தால் மூலப் படம் அப்படியே இருக்கும். விண்ணப்பத்துக்கான துல்லியமான பிக்சல், கேபி கணக்குக்கு மட்டும் அது வசதிப்படாது. அந்த ஒரு வேலைக்கு யாருடைய கம்ப்யூட்டரிலாவது பத்து நிமிடம் உட்காருங்கள், முடிந்த படத்தையும் கையெழுத்தையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டு, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டையும் அழித்துவிட்டு எழுந்திருங்கள்.